எப்போதும் என்பதற்கும் ஒருபோதும் என்பதற்கும் நடுவே

ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ் என்று வரிசையாகத்தான் வந்தது, அதற்கடுத்தது வரவில்லை, தொண்டைவரைக்கும் வந்து நின்றுகொண்டது, நாகஜோதி கண்ணை மூடிக்கொண்டு திரும்பவும் மேலேயிருந்து தொடங்கினாள், எப்போதும், வழக்கமாக, அடிக்கடி, சில சமயம், அப்புறம் அரிதாக, அரிதாகவுக்கு இங்கிலீஷில் என்ன, ரேர்லி, ஆமாம் ரேர்லி, வந்துவிட்டது, சொல்லிப் பார்த்தால் நாக்கு இரண்டு முறை புரண்டு படுக்கிற சொல். அதற்குக் கீழே இன்னும் ஒன்று இருக்கிறது. அது இன்றைக்கு வேண்டாம். கண்ணைத் திறந்தாள். பள்ளிக்கூடத்து வரவேற்பறையில் சுவரோரமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் அவளைப் போலவே அம்மாக்களும் அப்பாக்களும் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள், சத்தம் வெளியே வரவில்லை, சனிக்கிழமை நவக்கிரகத்தைச் சுற்றுகிறவர்கள் இப்படித்தான் முணுமுணுப்பார்கள். எல்.கே.ஜி. சீட்டுக்கு நேர்காணல். பிள்ளைக்கு என்று பெயர், கேள்வியெல்லாம் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு, அதுவும் இங்கிலீஷில். திண்டுக்கல்லில் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அப்படி ஒரு பெயர், அம்மா தடுமாறினால் சீட்டு இல்லை என்று. பக்கத்தில் சவடமுத்து வெள்ளைச் சட்டைக்குள் விறைப்பாக உட்கார்ந்திருந்தான், கல்யாண நாளுக்கு எடுத்த சட்டை, மண்ணெண்ணெய் போட்டும் சோப்புப் போட்டும் தேய்த்த கையை யாரும் பார்த்துவிடாதபடி தொடைக்கு அடியில் வைத்திருந்தான், நகக்கண்ணில் இருக்கிற கிரீஸ் எந்தச் சோப்புக்கும் போகாது. "எல்லாத்துக்கும் நீதான் பதில் சொல்லணும் ஜோதி. மெக்கானிக் வாயத் தொறந்தா சீட்டு போயிரும்" என்று காலையில் வண்டியை உதைக்கும்போதே சொல்லிவிட்டான். அவன் முழங்காலுக்கு நடுவே மிதுனா நின்றுகொண்டு எதிரே இருந்த மின்விசிறியின் இறக்கைகளை எண்ணுகிறவள் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். நாலு வயது ஆகப்போகிறது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசவில்லை என்று மனசுக்குள் வந்ததுமே நாகஜோதி அதைத் தள்ளிவிட்டுப் பாடத்துக்குப் போனாள். அட்வெர்ப். வினையோடு ஒட்டிக்கொண்டு வருகிற சொல். பெனாசிர் அப்படித்தான் ஆரம்பித்தாள், மாடியில் குடியிருக்கிற பெண், கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிறாள், மத்தியானம் இவள் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் அவளும் வந்து கூடவே உரித்துக்கொண்டு பாடம் நடத்துவாள், இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வழியும், யார் பார்த்தாலும் வாத்தியாரும் மாணவியும் சேர்ந்து அழுவதாகத்தான் நினைப்பார்கள். "வினையப் பாத்துக் கேள்வி கேளுங்கக்கா, அவ்ளோதான் இலக்கணம். எப்படின்னு கேட்டு ஒரு பதில் வந்தா அது ஒரு வகை. எங்கேன்னு கேட்டா வேற வகை. எப்போன்னு கேட்டா அது டைம். எத்தன தடவன்னு கேட்டா ஃப்ரீக்வென்சி. எவ்வளவுன்னு கேட்டா டிக்ரி." கேள்வி கேட்பதில் என்ன இருக்கிறது, ஊரே கேட்கத்தான் செய்கிறது, தண்ணீர் பிடிக்கப் போனால் கேட்கிறது, வளைகாப்புக்குப் போனால் கேட்கிறது, எப்பப் பேசுவா, எங்கயாவது காட்டுனியா, எத்தன நாளைக்கு இப்படியே விடுவ. பெனாசிர் மட்டும் கேட்டதே இல்லை. சின்னப் பெண்ணானாலும் இங்கிதம் தெரிந்தவள். பாடத்துக்குக்கூட மிதுனாவை வைத்துத்தான் வாக்கியம் சொல்லச் சொல்வாள், தன் பிள்ளை என்றால் மறக்காது என்று. மிதுனா ஓடுகிறாள், எப்படி, ஃபாஸ்ட். மிதுனா விளையாடுகிறாள், எங்கே, அவுட்சைட். மிதுனா பால் குடித்தாள், எப்போது, எஸ்டர்டே. மிதுனா சிரிக்கிறாள், எத்தனை தடவை, ஆல்வேஸ், அது பொய்யே இல்லை, பிள்ளை எந்நேரமும் சிரிப்புத்தான். மிதுனா தூங்குகிறாள், எப்படி. இங்கே கொஞ்சம் நின்றது. பீஸ்ஃபுல்லி என்று பெனாசிர்தான் எடுத்துக்கொடுத்தாள். நிம்மதியாக. அந்தச் சொல்லை நாகஜோதி வாங்கிக்கொண்டாளே தவிர மேலே வாக்கியம் கேட்கப் பிடிக்காமல் வெங்காயத் தோலை முறத்தில் போட்டுப் புடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

நிம்மதியாகத்தான் தூங்கினாள், அதில் என்ன குறை, பழனி ரோட்டில் முன்பக்கம் ஒர்க்‌ஷாப்பும் பின்பக்கம் ஒற்றை அறை வீடுமாக இருக்கிற இடத்தில், நடுவே ஒரு தகரக் கதவைத் தவிர வேறொன்றும் கிடையாது, அந்தப் பக்கம் சவடமுத்து புல்லட்டின் சைலன்சரைக் கழற்றிவிட்டு முறுக்குவான், தட்டில் இருக்கிற டம்ளர் தானாக நகரும், இந்தப் பக்கம் சேலைத் தொட்டிலில் பிள்ளை இமைகூட அசையாமல் தூங்கும். வண்டி விட வந்தவர்கள் எட்டிப் பார்த்து அதிசயப்பட்டுப் போவார்கள். "முத்து, உம் புள்ள பொறக்கும்போதே ஆக்சிலேட்டரு சத்தத்தக் கேட்டுப் பொறந்திருக்குப்பா." அவனுக்குப் பெருமை தாங்காது, மெக்கானிக் மகளா கொக்கா என்பான், கையைத் துடைத்துவிட்டு வந்து தொட்டிலை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போவான். தீபாவளிக்குத் தெருப்பிள்ளைகள் எல்லாம் அம்மா முந்தானைக்குள் புகுந்துகொள்ள, இது லட்சுமி வெடி வெடிக்கிற இடத்தைப் பார்த்துக் கைதட்டியது. வெடிக்கே பயப்படாத பிள்ளை என்று அவன் அக்கா பேச்சியம்மாள் நெட்டி முறித்தாள். எல்லோரும் சேர்ந்து கொண்டாடினார்கள். அவளும்தான். வேறு வீட்டில் பிறந்திருந்தால், சத்தமில்லாத ஒரு வீட்டில், பாத்திரம் விழுந்தால் எல்லோரும் திரும்புகிற வீட்டில் பிறந்திருந்தால், இந்தப் பிள்ளை ஏன் திரும்பவில்லை என்று தொட்டில் நாளிலேயே யாராவது கேட்டிருப்பார்கள், இரைச்சலில் குடியிருக்கிறவர்களுக்கு அதைத் தைரியம் என்று சொல்லத்தான் தெரிந்தது, வேறென்ன தெரியும். இல்லை, இது இப்போது நினைக்கிற நினைப்பா. நேர்காணலுக்கு வந்த இடத்தில். எப்படி, எங்கே, எப்போது. மேனர், ப்ளேஸ், டைம். மூன்றும் ஒன்றாக வந்தால் அந்த வரிசையில்தான் வரவேண்டும், முதலில் எப்படி, பிறகு எங்கே, கடைசியில்தான் எப்போது.

மணி அடித்தது. அவர்கள் தலைக்கு நேர் மேலேயே இருந்திருக்கிறது, மின்சார மணி, காதுக்குள் கம்பியை விட்டுக் குடைகிற மாதிரி ஓர் அலறல், வரவேற்பறையில் இருந்த பிள்ளைகள் அத்தனையும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தன, ஒன்று வீறிட்டது, பெரியவர்களே தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். நாகஜோதியின் கை தன்னாலே போய் மிதுனாவின் தோளை அழுத்தி அவளைத் தன் பக்கம் திருப்பியது, சத்தத்துக்குத் திரும்பியதுபோல, பார்க்கிறவர்களுக்கு அப்படித் தெரியட்டும் என்று. மிதுனா ஏன் திருப்பினாய் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள், மறுபடியும் மின்விசிறிக்குப் போய்விட்டாள். எதிர் நாற்காலியில் இருந்த பட்டுச்சேலைக்காரி அழுகிற தன் பையனைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, "உங்க பாப்பா ரொம்ப சமத்துங்க. கொஞ்சங்கூடப் பயப்படல பாருங்க" என்றாள். ஆமாங்க என்றாள் நாகஜோதி. கை எப்போது இதற்குப் பழகியது, யார் சொல்லிக்கொடுத்தார்கள், அவள் நினைக்கும் முன்னாலேயே கை ஓடிப்போய் மறைக்கிறதே, எத்தனை இடத்தில் இப்படி மறைத்திருக்கிறது, கோயிலில் மேளம் கொட்டும்போது, ரயில்வே கேட்டில், பேச்சியம்மாள் வீட்டில் குக்கர் கத்தும்போது. அடிக்கடி. ஆஃபன். இல்லை, அதற்கும் மேலே. ஓரக்கண்ணால் சவடமுத்துவைப் பார்த்தாள். பார்த்திருப்பானோ. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஓடுகிற எஞ்சினில் எங்கே இடிக்கிறது என்று காது கொடுக்கும்போது வருகிற முகம், அந்த முகத்தோடு வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியக் கூடாது. அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதானே இத்தனையும்.

முன்பு தடுப்பூசிக்குப் போன இடத்தில் ஒரு டாக்டரம்மா பிள்ளைக்குப் பின்னால் நின்று கையைத் தட்டினாள், சாவிக்கொத்தை ஆட்டினாள், பிறகு நாகஜோதியை உட்காரச் சொன்னாள். "காது எவ்வளவு கேக்குதுன்னு டெஸ்ட் எடுத்துப் பாத்துரணும்மா. தள்ளிப்போடாதீங்க. சீக்கிரம் பாத்தா பேச்சக் கொண்டு வரலாம், லேட்டாக லேட்டாகக் கஷ்டம்." எவ்வளவு. டிக்ரி. வெரி, டூ, ஆல்மோஸ்ட், எனஃப், எனஃப் மட்டும் பின்னால் வரும், போதுமான அளவு, எது போதும் எவ்வளவு போதும் என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை, எழுந்து வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, டாக்டர் சத்து டானிக் எழுதிக் குடுத்தாங்க, பேச்சு மெதுவா வருமாம் என்றாள். அவன் சரி என்றான், ஸ்பேனரைத் தேடிக்கொண்டு போய்விட்டான். உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் பேச்சியம்மாள் முன்பு சொன்னது நெஞ்சில் இடித்தது, வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இந்த இரைச்சலில் கிடக்காதே, எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று அவள் அழைத்ததும், அவருக்குச் சோறாக்கிப் போட யார் இருக்கிறார்கள் என்று இவள் மறுத்ததும். அந்தச் சத்தம்தான் காரணமா, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா, யாருக்குத் தெரியும், டாக்டரைக் கேட்டால் சொல்லியிருப்பாள், கேட்கத்தான் பயம். ஆனால் அவனுக்குத் தெரிந்தால் அவன் டாக்டரைக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டான், தானே தீர்ப்பு எழுதிவிடுவான், என் கடை என் பிள்ளை காதைத் தின்னுருச்சு என்று ஷட்டரை இழுத்து மூடிவிடுவான், அவனுக்கு அந்தத் தொழிலைத் தவிர வேறொன்றும் தெரியாது, வண்டியைத் தொடாத ஞாயிற்றுக்கிழமையிலேயே பாதி மனுசனாகத்தான் திரிவான். அதனால் தள்ளிப்போட்டாள். பொங்கல் கழியட்டும், சித்திரை வரட்டும், பிள்ளைக்கு முடியிறக்கட்டும். எப்போது என்ற கேள்விக்கு அவளிடம் பதில்களுக்குக் குறைவே இல்லை. சூன், லேட்டர், டுமாரோ, எல்லாம் டைம்தான், எல்லாம் சரியான பதில்தான், பெனாசிர் பார்த்தால் மார்க் போடுவாள். ஒவ்வொரு நாளைக்கும் டாக்டரம்மா சொன்ன சீக்கிரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது, அது தெரிந்தேதான் தள்ளிப்போட்டாள், அதை நினைத்தால் சோறு இறங்காது, அதனால் நினைக்கவும் மாட்டாள்.

கண்டிப்பாப் பேசுவா. ஊரில் எல்லோரும் கொடுக்கிற ஆறுதல் அதுதான், அவன் அக்காவில் தொடங்கி கடைக்கு வருகிற வாடிக்கையாளர்வரை, கண்டிப்பா, நிச்சயமா, சத்தியமா. பெனாசிர் கடைசியாகச் சொல்லிக்கொடுத்த வகை அது, சர்டன்லி, ப்ராபப்லி, பெர்ஹாப்ஸ். "இது மத்தது மாதிரி இல்லக்கா. மத்ததெல்லாம் வேலையப் பத்திச் சொல்லும். இது சொல்றவங்க மனசப் பத்திச் சொல்லும்." நாகஜோதிக்கு அது சட்டென்று புரிந்தது, பரீட்சைக்குப் படிப்பவளைவிட நன்றாகப் புரிந்தது. கண்டிப்பாப் பேசுவா என்கிற வாக்கியத்தில் மிதுனாவே இல்லை. சொல்கிறவளுக்கு வீட்டுக்குப் போகவேண்டும், அடுப்பில் பால் வைத்திருக்கிறாள், அதுதான் அதில் இருக்கிறது. அன்றைக்குத்தான் நாகஜோதி தானாகவே கேட்டாள், நேர்காணலில் பிள்ளை பேசுமா என்று கேட்டால் என்ன சொல்வது என்று. பெனாசிர் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "ஷி யூஷுவலி ஸ்பீக்ஸ் அட் ஹோம்னு சொல்லுங்க, இங்க வெக்கப்படறான்னு சேத்துக்கங்க" என்றாள், முகத்தைப் பார்க்காமல். பாவம், அந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஷி யூஷுவலி ஸ்பீக்ஸ் அட் ஹோம், மேடம். பத்து நாளாகப் பாத்திரம் கழுவும்போது, துணி பிழியும்போது, கோலம் போடும்போது அதையே சொல்லிச் சொல்லி, வாக்கியம் வழவழவென்று ஆகிவிட்டது, இப்போது அதைப் பிடித்து நிறுத்தினாலும் நிற்காது. இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று அவன் நம்புகிறான், நாலு பிள்ளைகளோடு பழகினால் வாய் திறந்துவிடும் என்று, அதற்காகத்தான் இந்த வெள்ளைச் சட்டை, அந்த நம்பிக்கையை அவனுக்குக் கொடுத்ததும் அவள்தான். பிள்ளைக்கு ஒரு பெஞ்சு கிடைக்கும். அங்கே உட்கார்ந்து டீச்சரின் வாயைப் பார்க்கும், சிரிக்கும், சமத்து என்பார்கள். வருஷம் போகும். இந்த வாக்கியத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் ஒரு வருஷம் முழுதாகப் போய்விடும், அதற்கப்புறம் கேட்டால் அந்த டாக்டரம்மா என்ன சொல்வாள்.

"மிதுனா பேரன்ட்ஸ்!"

பியூன் கூப்பிட்டதும் எழுந்தார்கள். மிதுனாவின் பெயர்தான், அவள் திரும்பவில்லை, சவடமுத்து குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டான். உள்ளே ஏசி குளிர், மேசைக்குப் பின்னால் தலைமையாசிரியை, கதர்ச் சேலை, நரைத்த கொண்டை, பயந்துகொண்டு வந்த அளவுக்குக் கடுமையான முகமில்லை, அதுவே நாகஜோதிக்குக் கஷ்டமாகிவிட்டது, கடிந்து பேசினால் பொய் சொல்வது சுலபம். உட்காரச் சொன்னார். மிதுனாவைப் பார்த்து, "வாட் இஸ் யுவர் நேம், கண்ணா?" என்றார். மிதுனா அப்பாவின் மடியிலிருந்து அவர் உதட்டை உற்றுப் பார்த்தாள், உதடு நின்றதும் சிரித்தாள். அவர் கையிலிருந்த பேனாவை மேசைமேல் விட்டார், தட்டென்று விழுந்தது, தெரியாமல் விட்டதா தெரிந்து விட்டதா, நாகஜோதியின் கை பிள்ளையின் தோளுக்குப் புறப்பட்டது, பாதியில் தலைமையாசிரியையின் கண் அந்தக் கையின்மேல் இருந்ததைப் பார்த்துத் தன் மடிக்கே திரும்பிவிட்டது.

"டஸ் ஷி டாக் அட் ஹோம்?" என்றார், மெதுவாக, அவளைப் பார்த்து.

வாக்கியம் தயாராக இருந்தது, முதல் சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது, ஷி, அதற்கப்புறம் யூஷுவலி, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மீதியெல்லாம் தானாக வந்துவிடும், மூச்சை இழுத்தாள், ஏசிக் காற்று பல்லில் பட்டது, தமிழில் இந்த ஒன்றை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சாமியிடம்கூடச் சொன்னதில்லை, தமிழில் அதைச் சொல்லப்போனால் அம்மாவும் பேச்சியம்மாளும் தெருவும் மொத்தமாக வந்து வாயைப் பொத்திவிடுவார்கள், இங்கிலீஷில் அவளுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை, அந்தப் பாஷையில் அவளுக்காக அழுவதற்கு ஒருத்தரும் இல்லை, அதில் எல்லாம் வெறும் சொல்தான், எதை எடுத்து வைத்தாலும் கனக்காது.

"நெவர், மேடம்" என்றாள்.

அவள் குரல்தான். தொடர்ந்து வந்தது. "ஷி நெவர் டாக்ஸ். ஷி நெவர் ஹியர்ஸ்."

சொல்லி முடித்த பிறகுதான் கனத்தது. ஏசி ஓடுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. நாகஜோதி பக்கத்தில் திரும்பவில்லை, திரும்பினால் அவன் முகத்தில் ஷட்டர் விழுவதைப் பார்க்கவேண்டியிருக்கும், மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரின் சிவப்பு எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் நெவர் யாருக்குத்தான் தெரியாது.

"காது கேக்காது மேடம்" என்றான் சவடமுத்து, தமிழில், நிதானமாக. "எனக்குத் தெரியும்."

நாகஜோதி திரும்பினாள்.

"நடக்க ஆரம்பிச்சதுலருந்தே தெரியும். சாயங்காலம் வண்டியெல்லாம் ஆஃப் பண்ணிட்டு, எல்லாரையும் அனுப்பிட்டு, பாப்பா பின்னாடி நின்னு கூப்பிட்டுப் பாப்பேன். தெனம் பாப்பேன் மேடம். ஒரு நாளாவது திரும்புமான்னு." பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த கை வெளியே வந்து அவள் இரட்டைச் சடையைத் தடவியது. "நம்ம கடைச் சத்தந்தான் இப்படிப் பண்ணிருச்சோன்னு ஒரு இது. அதான் வாயத் தொறக்கல."

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லங்க" என்றாள் நாகஜோதி. எதிரே ஆள் இருப்பது மறந்துபோயிற்று.

"பேச்சு வரும் வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தியே ஜோதி. ஒம் மொகத்தப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

இதற்காகவா. இவன் உடைந்துவிடுவான் என்று அவளும், அவள் உடைந்துவிடுவாள் என்று அவனும், தகரக் கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றுகொண்டு, நடுவில் பிள்ளையின் நாட்களைச் செலவழித்திருக்கிறார்கள். அவளுக்குக் கோபம் வந்தது, அவன்மேலா தன்மேலா என்று பிரிக்கத் தெரியாத கோபம், கூடவே நெஞ்சில் வைத்திருந்த பாறாங்கல்லை யாரோ எடுத்துவிட்டதுபோல இருந்தது, இரண்டும் சேர்ந்து கண்ணில் இறங்கின, வெங்காயம் இல்லாமல் அழுது வெகுகாலம் ஆகியிருந்தது. தலைமையாசிரியை தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "சீட்டப் பத்தி அப்புறம் பேசலாம்மா. ஜி.ஹெச்.ல காது டெஸ்ட் எடுக்கறாங்க. இப்பவே போங்க, நான் ஃபோன் பண்ணிச் சொல்றேன்" என்றார், சொல்லிக்கொண்டே ஃபோனையும் எடுத்துவிட்டார். போறோம் மேடம் என்றான் சவடமுத்து. எழவில்லை.

மிதுனா அவன் மடியில் முழங்காலை ஊன்றித் திரும்பி உட்கார்ந்து, இவ்வளவு நேரமும் அசைந்து, இப்போது நின்றுபோய்விட்ட அவன் உதட்டைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு ஒரு விரலை நீட்டி அந்த உதட்டின்மேல் வைத்து, நிறுத்தாதே என்பதுபோல லேசாக அழுத்தினாள். சவடமுத்து அவள் முகத்துக்கு நேராக, அந்த விரல் விலகிவிடாதபடி மெல்ல, "மிதுனா" என்றான். விரல் அங்கேயே இருந்தது. மறுபடியும் சொன்னான்.